எலுமிச்சை நிற்காத கத்தி

தியாகுவுக்குக் காப்புக் கட்டிய அன்று அந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்துகொண்டே இருந்தது. முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தடவை அக்கா சாரதாம்பாள் குனிந்து எடுத்து, மஞ்சள் நூலால் கத்தியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். நூலிலிருந்தும் நழுவி விழுந்த பழம், பெண் வீட்டிலிருந்து சந்தனம் பூச வந்திருந்த பாக்கியலட்சுமி மாமியின் காலடிக்கே உருண்டு போய் நின்றது. கூடத்தில் இத்தனை இடம் கிடக்க, அதற்குப் போக வேறு இடமா கிடைக்கவில்லை?

காப்புக் கட்டிய மாப்பிள்ளையின் கையில் இரும்பு இருக்க வேண்டும். காற்று கருப்பு அண்டாமல் இருக்க ஒரு கத்தி, அதன் முனையில் குத்திய ஓர் எலுமிச்சம்பழம். தாலி கட்டுகிறவரை அந்தக் கத்தி வேறு கைக்கு மாறக் கூடாது. தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும். இது தியாகுவின் சனங்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாரதாம்பாளும் இதற்கென்றே கூர்முனைக் கத்தி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்திருந்தாள். ஆனால் கோவில் பண்டாரம் வந்து உட்கார்ந்து, "நேரமாச்சு, இரும்பை எடுங்க" என்று கை நீட்டியபோது தாம்பாளத்தில் கத்தியைக் காணோம். அவள் புருஷன் ராஜரத்தினம் அதை எடுத்துக்கொண்டு போய், வாசலில் ஏணி மேல் நின்று மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடியின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து ஒரு வாரமாகியும் அதைக் கழற்ற மனசு வராமல் இருந்த மனுஷனுக்கு, மனசு வந்த வேளை அதுவாக இருந்தது.

பண்டாரத்துக்கோ ஆவணி மாதம், போக வேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி. "ஏதோ ஒரு இரும்பு, சீக்கிரம் எடு தம்பி" என்றார். தியாகுவின் கை பழக்கதோஷத்தில் வேட்டிக்கு மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டுக்குப் போயிற்று. அங்கே உறைக்குள் அவனுடைய கத்தி எப்போதும் போல இருந்தது. உருவிப் பிடித்தான். பண்டாரம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காப்பைக் கட்டி, மந்திரத்தைச் சொல்லி, "இனிமே இது கை மாறக் கூடாது" என்றுவிட்டு எழுந்து போய்விட்டார். சாரதாம்பாள் எலுமிச்சம்பழத்தோடு அருகில் வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. அந்தக் கத்திக்கு முனையே இல்லை.

அந்தக் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு சாண் நீளம். மடக்குகிற ரகம் அல்ல. அலகும் பிடிக்குள் போகிற தண்டும் ஒரே இரும்பு. முனை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே நேராக வெட்டினாற்போல் சதுரமாக நிற்கும், உளியைப் போலத் தடித்த விளிம்போடு. முதலில் பார்க்கிறவர்கள் "இது கத்தியா, சட்டுவமா?" என்று கேலி பண்ணுவார்கள். ஒரு தடவை வாங்கி வேலை பார்த்தவர்கள் பிறகு வாயைத் திறக்கமாட்டார்கள், திருப்பிக் கொடுக்கவும் மனசு வராது.

தியாகு ஆற்றோரத்தில் ஒரு கிட்டங்கியில் பெட்டி பிரிக்கிற வேலை பார்த்தான். கப்பலில் வந்த மரப்பெட்டியின் மூடிக்குக் கீழே அந்தச் சதுர முனையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால், ஆணியோடு பலகை எழுந்து வரும். கூர்முனையாக இருந்தால் உள்ளே இருக்கிற சீனிச் சாக்கையும் சேர்த்துக் குத்திவிடும், முதலாளி தவுக்கே தையாதக்கா என்று குதிப்பார். இதில் அந்தப் பயம் இல்லை. பெட்டியில் எழுதிய பழைய மையைச் சுரண்ட, பிரம்புக் கட்டை அறுக்க, பிஸ்கட் டின் மூடியைக் கிளப்ப, சைக்கிள் திருகாணியை முறுக்க, சிப்பியின் வாயைப் பிளக்க, சப்பாத்தில் அப்பிய சேற்றை வழிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மிதிவண்டியில் குனிந்து ஏறும்போது தொடையில் குத்தாது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில் புக்கிட் ரம்பாய் பாதையில் தடுப்புப் போட்டுச் சோதித்த போலீஸ்காரர் ஒருவர் அதை உருவிப் பார்த்து, முனையில் கட்டைவிரலை அழுத்தி, "இதாலே வாழைப்பழத்தைக்கூடக் குத்த முடியாது, போ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூர்க் கத்தி வைத்திருந்த பக்கத்து ஆள் அன்று முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் ஆகிற கத்தி, எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ஆகவில்லை. அழுத்தினால் பழம் பிதுங்கிச் சாறு வடிந்தது. ராஜரத்தினம் ஓடி வந்து, பண்ணின குற்றத்துக்குப் பரிகாரமாக ஒரு பழத்தைக் கீறிக் கொடுத்தார். கீறல் பெரிசாகி அது பல்லை இளித்தது. இன்னொன்றைச் சின்னதாகக் கீறினார்; செருகியதும் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகுதான் நூல் போட்டுக் கட்டிய பழம், அதற்குப் பிறகுதான் மாமியின் காலடி.

பாக்கியலட்சுமி மாமி பழத்தை எடுத்துத் துடைத்து நிமிர்ந்தார். கல்யாணப் பெண் தெய்வானையை வளர்த்த மாமாவின் மனைவி அவர். அவர்கள் வீடு தியாகு இருந்த காஜா பேராங்கிலேயே, சில தெரு தள்ளி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய சிட்டிகளின் குடியிருப்பான கம்போங்கில் இருந்தது. சாமி நம் சாமி, பேர் நம் பேர், பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே தமிழ் வார்த்தை ஒன்றிரண்டு தலைகாட்டும். அவர் பேசியதைத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் இருந்த காரம் கொஞ்சம் குறைந்துதான் போகும்.

"இதுக்கு மூக்கு எங்கே?" என்றார், கத்தியைக் காட்டி.

தியாகு கத்தியைப் பார்த்தான், புதிதாகப் பார்க்கிறவன் போல.

"உடைஞ்சதா, செய்யும்போதே இப்படியா?"

"இப்படித்தான் இருக்கு, மாமி."

"இருக்கிறது எனக்கும் தெரியுது. எப்படி ஆச்சுன்னு கேட்டேன். எங்க வீட்டுலே விளிம்பு போன மங்குத் தட்டைக்கூடக் கல்யாணத்துக்கு வெளியே எடுக்கமாட்டோம். மூளிச் சாமான் ஆகாது." மாமி சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அவன் இடக்கன்னத்தில் ஒரு தீற்றுத் தீற்றினார். வலக்கன்னத்துக்குப் போன கை பாதியிலேயே நின்றது. "தெய்வானைதான் சொல்லி அனுப்பினா, மாப்பிள்ளை கையிலே என்ன கத்தி, எப்படி இருக்குன்னு நல்லாப் பாத்துட்டு வாங்க மாமின்னு. பாத்துட்டேன்."

கிண்ணத்தை மூடிக்கொண்டு, கெபாயாச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமி போய்விட்டார். ஒரு கன்னத்தில் மட்டும் சந்தனத்தோடு தியாகு உட்கார்ந்திருந்தான். மாமி சொன்ன மற்றது எதுவும் அவன் மனசில் நிற்கவில்லை. தெய்வானைதான் சொல்லி அனுப்பினாள் என்பது மட்டும் நின்றது. அவள் ஏன் கேட்க வேண்டும்? உலகத்தில் எல்லாரும் கேட்கலாம், அவள் கேட்கலாமா?

ஏனென்றால் அந்தக் கத்தி உடைந்தது அவள் வீட்டில்தான். அதைக் குறுக்கே நேராகத் தீட்டச் சொன்னதே அவள்தான். இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர இந்த ஊரில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, நல்ல மழைக்காலம். தெய்வானையின் மாமா நடராஜன் பிள்ளை வரவழைத்திருந்த தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்து, தார்ப்பாய் மூடி, தியாகு அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனான். வாசல் பூட்டியிருந்தது. செமாபோக்கில் ஒரு துக்கம் என்று எல்லாரும் போயிருந்தார்கள். திரும்பலாம் என்று நினைத்தபோது பின்பக்கம் யாரோ பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்படி அந்த வீட்டில் தனிக்கட்டாக இருந்தது. காய்ச்சலென்று வீட்டிலேயே இருந்துவிட்ட தெய்வானை கஞ்சி காய்ச்ச உள்ளே போக, காற்றில் கதவு அறைந்து, மழையில் ஊறிய மரம் நிலையோடு இறுகிக்கொண்டுவிட்டது. "யாரு?" என்று மலாயில் கேட்டாள். "தையல் மிஷின்" என்றான் இவன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று இவனுக்குத் தெரியவில்லை.

அப்போது கத்திக்கு முனை இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் இடையில் செருகி நெம்பினான். கதவு திறந்தது, முனை ஒடிந்தது. ஒடிந்த துண்டு நிலைமரத்தில் பதிந்து, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிடுங்கப் பார்த்தான், வரவில்லை. "தாப்பா, இருக்கட்டும்" என்றாள் அவள். தாப்பா என்றால் பரவாயில்லை. முகத்தில் காய்ச்சல், கண்ணில் அழுத தடம், அதோடு சிரிப்பு வேறு. பிறகு அவன் கையிலிருந்த மூளிக் கத்தியைப் பார்த்து, உள்ளே போய்ச் சாணைக்கல்லும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து அவன் பழையபடி கூராகத் தீட்டப் போனான். "கூர் வேண்டாம், குறுக்கே நேராத் தீட்டுங்க. சட்டுவம் மாதிரி. சாக்கைக் கிழிக்காது" என்றாள். தீட்டி முடித்ததும் தன் கட்டைவிரலை அந்தச் சதுர முனை மேல் வைத்துப் பார்த்தாள். விரலும் முனையும் ஒரே அகலம். அதற்கும் சிரித்தாள்.

அவ்வளவுதான். மிஷின் பெட்டியை வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டான். ஆனால் வந்ததிலிருந்து அவனுக்கு வேறு எந்தப் பெண்ணைப் பற்றியும் பேச்சே பிடிக்கவில்லை. அக்காவை நச்சரித்து நச்சரித்துப் பெண் கேட்கச் சொன்னான். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பையன், பேச்சு வேறு, பழக்கம் வேறு என்று நடராஜன் பிள்ளை இழுத்தடித்து, கடைசியில் தலையாட்டினார். தாய் தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்தவர் அவர், அவர் இழுத்தடித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் முன்பே தனியாகப் பேசியவர்கள் என்று தெரிந்திருந்தால் அந்தத் தலை ஆடியே இருக்காது.

மறுநாள் காலையில் நடராஜன் பிள்ளையே வந்தார். மரியாதைக்காரர், குரலை உயர்த்தமாட்டார். குரலை உயர்த்தாதவர்களிடம்தான் பயம் அதிகம்.

"துக்காங் எமாஸ் தெருக் கோவில்லே கேட்டுட்டு வர்றேன்" என்றார் மலாயில், சாரதாம்பாளைப் பார்த்து. "செய்யும்போதே இப்படிச் செஞ்ச கத்தின்னா குறை இல்லையாம். உடைஞ்சதுன்னா மூளி. காப்பை அவிழ்த்து, முழுக் கத்தியோட வேற நாள் பாத்துக் கட்டணுமாம். இந்த மாசம் வேற முகூர்த்தம் இல்லே. புரட்டாசி கூடாது. ஐப்பசிதான்."

"ஐயோ, பந்தல் போட்டாச்சுங்களே" என்றாள் சாரதாம்பாள்.

"பந்தல் இருக்கட்டும். ஐப்பசி வரைக்கும் எங்களுக்கும் இன்னொரு தடவை யோசிக்க நேரம் கிடைக்கும்." பிறகு தியாகுவைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ளே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உடைஞ்சதா, செஞ்சதா?"

அவர் படி இறங்கியதும் சாரதாம்பாள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை யோசிக்கறாங்களாம்டா. அதுக்கு அர்த்தம் உனக்குப் புரியுதா? ஐப்பசிக்குள்ளே வேற மாப்பிள்ளை வந்து நிப்பான். செஞ்சதுன்னு சொல்லித் தொலையேன்."

"செஞ்சதுதான், ஆனா..."

"ஆனா என்ன?"

"முதல்லே ஒடிஞ்சது. அப்புறம் செஞ்சது."

"எங்கேடா ஒடிஞ்சது?"

"வேலை செய்யறப்போ."

"வேலை செய்யறப்போன்னா எங்கே?"

தியாகு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்தது என்றால் கல்யாணம் ஐப்பசிக்குப் போகும், ஐப்பசியில் நடக்காமலேயும் போகும். அடுத்த கேள்வி எங்கே உடைந்தது என்று வரும். அவள் வீட்டு அடுப்படியில், வீட்டில் யாரும் இல்லாதபோது என்று சொன்னால் அந்தப் பெண்ணை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சரி, செய்யும்போதே இப்படி என்று பொய் சொல்லலாம். பொய் என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியுமே. கட்டிக்கப் போகிறவளிடம் முதல் வார்த்தையே பொய்யா?

இத்தனைக்கும் மேலே அவனைக் குடைந்தது அவள் கேட்டு அனுப்பிய கேள்வி. மாமியின் கண்ணை நேராகக் கத்தியின் முனைக்குத் திருப்பிவிட்டது அவள்தான். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நேராகச் சொல்ல முடியாமல் கத்தியைச் சாக்காக வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறாளா? அப்படியானால் அன்று ஏன் சிரித்தாள்? சாணைக்கல் கொண்டுவந்து வைத்தாளே, அது என்ன? ஒரு பெண் சாணைக்கல் கொண்டுவந்து வைத்தால் அதில் ஒன்றும் இல்லையோ? பெட்டி என்றால் எந்தப் பக்கம் நெம்பினால் திறக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். இது எந்தப் பக்கமும் பிடி கொடுக்கவில்லை.

உட்கார்ந்து குழம்பவாவது விட்டார்களா? அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் கத்திக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. சமையல்காரர் நெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, அந்தச் சட்டுவக் கத்தியைக் கொஞ்சம் குடுங்க."

"குடுக்கக் கூடாது."

"அப்போ நீங்களே தொறந்துடுங்க."

கத்தி கை மாறக் கூடாதல்லவா, அதனால் மாப்பிள்ளையே கை மாற வேண்டியிருந்தது. மஞ்சள் பூசிய முகமும் கையில் காப்புமாகத் தியாகு ஒவ்வொரு டின்னாக நெம்பித் திறந்தான். அடுத்தாற்போல் பந்தல்காரன் பிரம்பு அறுக்கக் கூப்பிட்டான். விளக்கு மாட்ட வந்தவன் கம்பியின் ரப்பரைச் சுரண்டித் தரச் சொன்னான். ராஜரத்தினம் அவனை நாற்காலி மேல் ஏற்றி, விளக்குப் பெட்டியின் திருகாணியை முறுக்க வைத்தார். "மச்சான், உன் கத்தியைப் போல ஒண்ணு எனக்கும் பண்ணிக் குடு. என்னா வேலை செய்யுது பாரு" என்று கீழே நின்று புகழ்ந்தார்.

"இது மூளிக் கத்தி அத்தான். இதனாலே என் கல்யாணம் நிக்கப் போவுது."

"நாட்டுக்கே மெர்டேக்கா கிடைச்சிருச்சு, இவங்க இன்னும் கத்திக்கு மூக்கு பாக்குறாங்க" என்றார் அவர். "சரி, அந்த இன்னொரு திருகாணியையும் முறுக்கிட்டு எறங்கு."

தாம்பாளத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனவர் பேசுகிற பேச்சு இது. தியாகுவுக்குக் கோபம் வந்தது, ஆனால் நாற்காலி மேல் நின்றுகொண்டு கோபப்படத் தோதில்லை. முறுக்கிவிட்டு இறங்கினான். வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் வேண்டியிருக்கிற கத்தி, தன் கல்யாணத்துக்கு மட்டும் வேண்டாததாகிவிட்டதே என்று அவனுக்கு அழுகை முட்டியது. அன்றே புதுக் கத்தி வாங்கியிருக்கலாம். முனை ஒடிந்ததை ஆற்றில் வீசியிருக்கலாம். வீசவில்லை. அதைப் பெல்ட்டில் செருகும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் ஞாபகம் வந்தது, அதற்காகவே வீசவில்லை. அவளுக்கு மட்டும் அது ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

வெயில் தாழ்ந்தது. நடராஜன் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய வேளை. சாரதாம்பாள் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். "நான் போய்ச் செஞ்சதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"பின்னே உடைஞ்சதுன்னு சொல்லவா?"

"அதுவும் வேண்டாம்."

"ரெண்டும் வேண்டாம்னா என்னத்தைடா சொல்றது?"

தியாகு வாய் திறக்குமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாக்கியலட்சுமி மாமிதான். கையில் தட்டு, தட்டின் மேல் துணி. நேற்றைய முகமே இன்றும். பதிலை வாங்கிப் போக வந்துவிட்டார் என்று சாரதாம்பாள் பாய் விரித்தாள். மாமி உட்காரவில்லை. துணியை விலக்கினார். வெற்றிலை, பழம், சந்தனக் கிண்ணம், நடுவில் வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிய சின்னப் பொட்டலம்.

"இது தெய்வானை குடுத்தது. மாப்பிள்ளை கையிலேதான் குடுக்கணுமாம், என்னையும் பிரிச்சுப் பாக்க விடலே" என்றார். "நேத்து நான் போயி, கத்திக்கு மூக்கே இல்லே, தட்டையா வெட்டின மாதிரி இருக்குன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலே. ராத்திரியெல்லாம் தூங்கினாளோ என்னவோ. இன்னிக்குக் காலையிலே பாசாருக்கு ஆள் அனுப்பி ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொன்னா. என்னான்னு கேட்டா சொல்லமாட்டேங்குறா."

தியாகு நாரை அவிழ்த்தான். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். திருப்பினான். அதன் அடியில் ஒரு கீறல் இருந்தது.

அறுத்த பழத்தை அனுப்பினால் என்ன அர்த்தம்? திருஷ்டி கழித்துத் தெருவில் எறிவதற்குத்தானே பழத்தை அறுப்பார்கள்? நம்மை அறுத்துக் கழித்துவிட்டாள், இதுதான் அவள் பதில் என்று நினைத்தான். சாரதாம்பாளும் எட்டிப் பார்த்து, "இதென்னடி இது" என்று யாரையோ கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான். கீறல் பழத்தின் மறுபக்கம் வரை போகவில்லை, பாதியோடு நின்றிருந்தது. வெறும் கோடாகவும் இல்லை. தடித்த ஒன்று நுழைய இடம் விட்டு, உள்ளே இருந்து கொஞ்சம் சதையை எடுத்துவிட்டு, இரண்டு ஓரமும் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. நீளம் ஒரு கட்டைவிரல் அகலம். அவனுடைய கட்டைவிரல் அல்ல, அதைவிடச் சின்னது.

கத்தியை எடுத்துச் சதுர முனையை அந்த வாயில் வைத்தான். தடையே இல்லாமல் உள்ளே போய்ப் பொருந்தி நின்றது. பிதுங்கவில்லை, பிளக்கவில்லை, ஒரு சொட்டுச் சாறு வடியவில்லை. கையை உதறினான், விழவில்லை. தலைகீழாகப் பிடித்தான், அப்போதும் விழவில்லை. தியாகு எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நின்றது அவனுக்கே தெரியாது.

அவள் கேட்டு அனுப்பியது கல்யாணத்தைக் குலைக்க அல்ல. அவன் அந்தக் கத்தியைத்தான் இன்னும் வைத்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வைத்திருக்கிறான் என்று மாமியின் வாயாலேயே தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் தன் கட்டைவிரலை அளவு வைத்து, ஒரு கூடைப் பழத்தையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்து, சரியாக வந்த ஒன்றை அனுப்பியிருக்கிறாள். இரண்டு வருஷமாக அவளும் மறக்கவில்லை. அவனுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று அதிலும் ஒரு குழப்பம்.

பாக்கியலட்சுமி மாமி கிட்டே வந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பழத்தை இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. பழம் பொருந்தியிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். தியாகு தரையைப் பார்த்தான்.

"தட்டையா இருக்குன்னுதான் நான் அவகிட்டே சொன்னேன்" என்றார் மெதுவாக. "எவ்வளவு அகலம்னு சொல்லலே."

சாரதாம்பாள் தம்பியையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொல்லையிலிருந்து ராஜரத்தினம் இன்னொரு டின்னோடு வந்து, "மச்சான், கத்தி" என்று ஆரம்பித்து, மாமியைக் கண்டதும் டின்னை வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எங்க அடுப்படிக் கதவு நிலையிலே ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கு" என்றார் மாமி. "ரெண்டு வருஷமா அதிலேதான் தேங்காய்ப்பால் பிழியற துணியை மாட்டுறேன். அதைப் பிடுங்கிட்டு நல்ல ஆணி அடிக்கலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். தெய்வானை விடவே இல்லே. இருக்கட்டும் மாமி, இருக்கட்டும் மாமிம்பா. ஆணின்னா உருண்டையா இருக்கும், இது தட்டையா, ஒரு பக்கம் கூரா இருக்கேன்னு நானும் யோசிச்சதுண்டு."

தியாகுவுக்குக் காது வரைக்கும் சுட்டது. "மாமி, அது வந்து, அன்னிக்கு மழை, கதவு..."

"நான் ஒண்ணும் கேக்கலே" என்றார் மாமி. "கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் அவர்கிட்டே சொல்லணும்." நேற்று வரை நீங்களாக இருந்தவன் இப்போது நீ ஆகிவிட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "அவருக்குப் பதில் நான் சொல்லிக்கறேன். கத்தி மூளி இல்லே. முழுசாத்தான் இருக்கு. முனை மட்டும் கொஞ்சம் முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தைத் திறந்து, நேற்றுப் பூசாமல் விட்ட வலக்கன்னத்தில் பூசினார்.